தன் படத்துக்குத் தானே சிரித்த குற்றம்

சப்டைட்டில் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அழுகைக் காட்சிகளுக்குப் பயப்படாதீர்கள். திரையில் ஒருவர் அழுதால் கண்ணீர் தானே தெரியும்; கீழே நீங்கள் எதை எழுதினாலும் பார்க்கிறவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். இந்தத் தொழிலில் ஆளைக் கவிழ்ப்பது சிரிப்புத்தான். அதிலும், சிரிக்கக்கூடாது என்று முடிவுகட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு கூட்டத்துக்கு முன்னால் வேடிக்கைப் படம் ஓட்டுவது இருக்கிறதே, அதை யாரும் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தரமாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன். கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் ஓய்வூதியத்தில் இருக்கும் ஒருத்திக்கு இதைவிட வேறு என்ன வேலை?

நான் கடைசியாக வேலை பார்த்தது மத்திய லண்டனில், சோஹோ பகுதியில் ஒரு சிறிய நிறுவனத்தில். பெயர் வேண்டாம். வேற்று மொழிப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் போடும் இடம். மொழிபெயர்ப்பாளர் எழுதித் தருவதைப் படத்தோடு வைத்துப் பார்த்து, வரி வாசிக்க நேரம் போதுமா, ஆங்கிலம் ஆங்கிலமாக இருக்கிறதா, நடிகர் வாயை மூடிய பிறகும் வரி பேசிக்கொண்டிருக்கிறதா என்று சரிபார்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. எங்கள் மேலாளர் ரமேஷ், சென்னைப் பிள்ளை. கெட்டிக்காரன், மரியாதையானவன். வாடிக்கையாளர் தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான். அது ஒன்றுதான் குறை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு ஒரு திரைப்பட விழாவிலிருந்து துருக்கிப் படம் ஒன்று வந்தது. சிறிய விழா. ஆனால் அதற்கு வருகிறவர்கள் கழுத்தில் சால்வையும் முகத்தில் துயரமும் இல்லாமல் வெளியே கிளம்பாத வகை. விழாவின் தலைவர் ஒலிவர். உலகத்தில் உள்ள ஏழை நாடுகளின் துன்பம் முழுவதையும் அவர் சாய்வு நாற்காலியில் இருந்து பார்த்து முடித்தவர்.

படத்தின் கதையைச் சொல்கிறேன். இஸ்தான்புல்லில் ஒரு மினிபஸ் சாரதி. யாழ்ப்பாணத்து மினிபஸ்ஸைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒருநாள் மேட்டில் ஏறும்போது பனிமூட்டத்துக்குள் வழி தவறி, வண்டியோடும் பயணிகளோடும் வேறொரு நட்சத்திர மண்டலத்துக்குப் போய்விடுகிறான். அங்கே அண்டத்தையே ஆளும் கொடுங்கோல் பேரரசன். தலையில் கவசம் என்று மாட்டியிருப்பது அரிசி வடிக்கும் வடிதட்டு. அவனுடைய படைவீரர்களின் துப்பாக்கிகள் தூசு உறிஞ்சும் வாக்குவம் கிளீனர் குழாய்கள். விண்கலம் முழுவதும் அட்டை. கதவை வேகமாகச் சாத்தினால் சுவர் ஆடும். அமெரிக்க விண்வெளிப் படங்களில் வரும் அத்தனை வீராப்பையும் ஒவ்வொன்றாக எடுத்துத் துவைத்துக் காயப்போடும் படம். எடுத்தவர் ஜெமால் என்று ஒரு மனிதர். சொந்த ஊரில் கல்யாண வீடியோ எடுப்பவர்.

மொழிபெயர்த்தவள் நெர்மின். சைப்ரஸ் துருக்கிக்காரி, வட லண்டன் ஹரிங்கேயில் வளர்ந்தவள். எங்கள் அலுவலகத்தில் அவள் வேலை செய்தால் அடுத்த அறையில் இருப்பவர்களும் படம் பார்த்ததுபோலத்தான். எல்லாப் பாத்திரத்தையும் நடித்துக் காட்டுவாள். அவளும் நானும் பேசியது ஆங்கிலம். ஆனால் அவளுடைய ஆங்கிலத்துக்கு யாழ்ப்பாணத் தமிழ்தான் சரியாக உட்காரும். அப்படியே போடுகிறேன். தொழில் புத்தி போகாது.

பேரரசனின் படை மினிபஸ்ஸைப் பிடிக்க வருகிற காட்சி படத்தின் உச்சம். வீரர்கள் ஏறுகிறார்கள், ஏறுகிறார்கள், ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். சாரதி திரும்பியே பார்க்காமல், பழக்க தோஷத்தில் கத்துகிறான்: “உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ! பின்னால இடமிருக்கு!” நெர்மின் அதை எழுதியபோது நாங்கள் இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இன்னொரு இடத்தில் பேரரசன், “உங்கள் கிரகத்தைத் தரைமட்டமாக்குவேன்” என்று முழங்குவான். சாரதி சொல்வான்: “நீ ஏன் கஷ்டப்படுறாய்? எங்கட தெருவில மாநகரசபை ஏற்கெனவே தொடங்கிட்டுது.”

அப்படியே எழுதி, அப்படியே விழாவுக்கு அனுப்பினோம். மறுநாள் ஒலிவர் நேரே வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

“மொழிபெயர்ப்பில் பாரதூரமான பிழை இருக்கிறது. இவர்கள் எல்லோரும் பகிடி விடுகிறார்கள்.”

“அது பகிடிப் படம்,” என்றாள் நெர்மின்.

விஷயம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. ஒலிவர் அந்தப் படத்தை எங்கோ ஒரு வெளிநாட்டுத் திரைப்படச் சந்தையில் சப்டைட்டில் இல்லாமல் பார்த்திருக்கிறார். பார்த்து மனம் உருகியிருக்கிறார். அட்டை விண்கலத்தில் வறுமையைக் கண்டிருக்கிறார். வடிதட்டில் பேரரசுகளின் பசியைக் கண்டிருக்கிறார். விழாவின் முக்கியமான மாலைக் காட்சியாக அதை அறிவித்து, ‘எல்லையற்ற வெளியில் ஓர் ஏழையின் மௌனம்’ என்று கையேட்டில் அச்சடித்து, படத்துக்குப் பிறகு பேச ஒரு பேராசிரியரையும் பிடித்துவைத்திருந்தார். படத்தில் ஒரு நிமிடம்கூட மௌனம் கிடையாது. சாரதி தூக்கத்திலும் பேசுவான்.

உங்களுக்கு இது நம்பமுடியாததாக இருக்கலாம். எனக்கு இல்லை. எங்களைப் போன்ற நாடுகளிலிருந்து படம் வந்தால் அதில் யாராவது சாகவேண்டும், குறைந்தபட்சம் ஒரு மாடாவது சாகவேண்டும் என்பது இந்த நகரத்தில் எழுதாத சட்டம். நாங்களும் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. இங்கே எங்கள் பிள்ளைகள் எடுக்கும் குறும்படத்தில் முதல் காட்சியில் மழை, இரண்டாவதில் வெறித்த பார்வை, மூன்றாவதில் வயலின். கேட்டால், விழாவுக்கு அனுப்பவேண்டுமே அன்ரி என்பார்கள்.

ஒலிவர் தன் கையாலேயே வரிகளைத் திருத்திக் கொண்டு வந்திருந்தார். “உள்ளுக்குப் போங்கோ, பின்னால இடமிருக்கு” என்பது, “அகத்தே செல்லுங்கள். அங்கே வெளி உண்டு” என்று ஆகியிருந்தது. மாநகரசபை இருந்த இடத்தில், “அழிவு நம்முள் ஏற்கெனவே தொடங்கிவிட்டது.”

நெர்மின் அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்து, “அக்கா, இந்த மனிசன் மினிபஸ்ஸில ஒருக்காலும் ஏறினதில்லையோ?” என்று கேட்டாள்.

நான் ஒப்புதல் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். ரமேஷ் என்னைத் தனியே கூப்பிட்டான்.

“அக்கா, கிளையன்ட் கேக்குறாரு. அவங்க படம், அவங்க விழா. நமக்கு என்ன அக்கா?”

“தம்பி, அது அவையின்ர படம் இல்லை. ஜெமாலின்ர படம். அந்தாள் சொல்லாததை நாங்கள் அவற்ற வாயில வைக்கிறம்.”

“நீங்க சொல்றது புரியுது. ஆனா வருஷா வருஷம் அவங்க வேலைதானே நமக்குச் சோறு போடுது. நான் சைன் பண்ணிக்கிறேன். உங்க பேர் வராது.”

அவன் கையெழுத்துப் போட்டான். நான் தடுக்கவில்லை; அந்த அதிகாரம் அவனுக்குத்தான் இருந்தது. ஆனால் விழா நாளில் வரிகளை ஓட்டும் வேலை என்னுடையது. அந்தப் பிரதியில் சப்டைட்டில் பதியப்படவில்லை; அரங்கத்தின் பின்வரிசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, வசனத்துக்கு வசனம் ஒருவர் கையால் தட்டித் திரைக்குக் கீழே காட்டவேண்டும். என் கணினியில் ஒலிவரின் வரிகளும் இருந்தன, நெர்மினுடையதும் இருந்தன. தொழிலில் இருப்பவர்கள் பழைய பிரதியை அழிப்பதில்லை.

ஜெமால் லண்டனுக்கு வந்து இறங்கியபோது நெர்மின்தான் கூட்டி வந்தாள். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. புதுக் கோட்டு, சட்டைப்பையில் சீப்பு. வட லண்டனில் இரண்டு திரையரங்கு வைத்திருக்கும் ஒருவர் அன்று படம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் தன் அரங்குகளில் ஓட்டுவார். ஊரில் படம் சரியாக ஓடவில்லையாம். இது ஓடாவிட்டால் திரும்பிப்போய்க் கல்யாணம்தான் எடுக்கவேண்டும் என்று நெர்மினிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். வரிகள் மாறியிருப்பதை அவரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. முன்பாதியில் சால்வைகள். பின்பாதியில், கடைகளையும் முடிவெட்டும் நிலையங்களையும் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வந்திருந்த துருக்கியர்கள். விளக்கு அணைந்தது. சாரதி வாயைத் திறந்தான். பின்பாதி வெடித்துச் சிரித்தது. முன்பாதி நான் தட்டிய ஒலிவரின் வரியை வாசித்தது: “பாதை நம்மைத் தேர்ந்தெடுக்கிறது.” அவன் உண்மையில் சொன்னது, முன்னால் போன கழுதை வண்டிக்காரனைப் பற்றிய ஒரு வார்த்தை.

முன்வரிசைகளிலிருந்து தலைகள் திரும்பின. “உஷ்” என்றது ஒரு குரல். பின்னால் இருந்தவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். அடுத்த பகிடிக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதற்கடுத்ததற்குக் குழந்தைகள் மட்டும் சிரித்தன. தாய்மார் அவற்றின் தொடையில் தட்டி அடக்கினார்கள். தங்கள் சொந்த மொழியில் ஓடும் படத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு அந்த மனிதர்கள் வெட்கப்பட ஆரம்பித்தார்கள். நானோ ஒலிவரின் வரிகளைத் தட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒருவர் மட்டும் அடங்கவில்லை. ஓரத்து இருக்கையில் ஜெமால். ஆங்கில வரி அவருக்கு வாசிக்கத் தெரியாது. முன்பாதி ஏன் கல்லாக இருக்கிறது என்று விளங்காமல், தாமாவது தொடக்கிவைப்போம் என்று நினைத்தாரோ என்னவோ, ஒவ்வொரு பகிடிக்கும் உரக்கச் சிரித்தார். விழாவின் அடையாளப் பட்டி மாட்டிய ஒரு பெண்மணி குனிந்து குனிந்து அவரிடம் வந்தார். காதில் ஏதோ சொன்னார். நெர்மின் பாய்ந்து எழும்பி மறுமொழி சொல்லத் தொடங்க, அதற்கும் யாரோ “உஷ்” என்றார்கள்.

ஜெமாலுக்குத் தன்னை மேடைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணம். எழுந்து நின்றார். கோட்டை இழுத்துவிட்டார். சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். பெரிய மலர்ச்சியோடு அந்தப் பெண்மணிக்குப் பின்னால் நடந்தார். அவர் கதவைத் திறந்து, ஜெமாலை வெளியே விட்டு, கதவைச் சாத்தினார். நெர்மின் பின்னால் ஓடினாள்.

நான் ரமேஷைப் பார்த்தேன். ஒலிவரோடு கைகுலுக்குவதற்காக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

“தம்பி, அந்த மனிசனை அவற்ற படத்திலயிருந்தே வெளியில விட்டுட்டினம்.”

“பார்த்தேன் அக்கா,” என்றான். குரல் இறங்கியிருந்தது. “இடைவேளையில பேசிக்கலாம்.”

“இந்தப் படத்தில இடைவேளை இல்லை.”

நான் நெர்மினுடைய வரிகளைத் திறந்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது.

“வேணாம் அக்கா. ப்ளீஸ். காண்ட்ராக்ட் போயிடும். உங்களுக்கு ரிட்டயர்மென்ட் வருது, எனக்கு மார்ட்கேஜ் இருக்கு.”

அவன் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். இப்படியான நேரத்தில் எதிரில் நிற்பவர் கெட்டவராக இருக்கமாட்டார். கடன் கட்டும் நல்ல பிள்ளையாக இருப்பார். எனக்கு யோசிக்கக் கிடைத்தது ஒரு பாட்டின் நீளம். படத்தில் பயணிகள் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள், அதற்கு வரி தேவையில்லை. நான் யோசித்தது ஒன்றே ஒன்று. ஒலிவர் கோபித்தால் நாளைக்குச் சமாதானம் பேசலாம். வெளியே நிற்கும் மனிதருக்கு இந்தக் காட்சி நாளைக்கு இல்லை.

“பழியை என்னில போடு,” என்றேன். “கிழவி சொல்வழி கேக்கேல்லை எண்டு சொல்லு.”

பாட்டு முடிந்தது. இடம் பிடிக்கக் கொஞ்சம் தடுமாறினேன்; சில வசனங்களுக்குத் திரைக்குக் கீழே வெறும் கறுப்பு. முன்வரிசையில் சலசலப்பு. பேரரசனின் படை வந்தது. வாக்குவம் கிளீனர் குழாய்களோடு ஏறத் தொடங்கியது. சாரதி வாயைத் திறந்தான். நான் தட்டினேன்.

“உள்ளுக்குப் போங்கோ! பின்னால இடமிருக்கு!”

ஒரு சத்தமும் இல்லை. இன்னும் பத்து வீரர்கள் ஏறினார்கள். அவன் திரும்பவும் கத்தினான், நான் திரும்பவும் தட்டினேன். மூன்றாவது வரிசையில் ஒரு மனிதரிடமிருந்து இருமல்போல ஒன்று கிளம்பியது. அவர் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி முதலில் அவரை முறைத்தார். பிறகு திரையைப் பார்த்தார். அந்தம்மாவிடமிருந்து வந்த சிரிப்பு, மன்னிக்கவேண்டும், முட்டையிட்ட கோழி கொக்கரித்ததுபோல இருந்தது. அதோடு முன்பாதி உடைந்தது. பின்பாதிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அடக்கிவைத்திருந்த எல்லாவற்றையும் சேர்த்துச் சிரித்தார்கள்.

ஒலிவர் இருட்டில் தடுக்கித் தடுக்கி என்னிடம் வந்தார்.

“என்ன நடக்கிறது?”

“படம் நடக்கிறது.”

“சிரிக்கிறார்கள்!”

“ஓம்.”

“உடனே நிறுத்துங்கள். என் வரிகளைப் போடுங்கள்.”

“கையை எடுத்தால் வரி பிந்திப்போகும்,” என்றேன். “நீங்கள் வேண்டுமென்றால் உட்கார்ந்து தட்டுங்கள். இப்போது பேசுகிறவன் யார் என்று தெரியுமா?”

தெரியாது. அவர் தடுக்கித் தடுக்கியே தன் இருக்கைக்குத் திரும்பினார். அப்போது பேரரசன் கிரகத்தை அழிக்கப் போவதாக முழங்கினான், மாநகரசபை வந்தது. லண்டனில் குடியிருப்பவர்களுக்கு, தெருவைத் தோண்டிவிட்டுப் போகும் கவுன்சிலைப் பற்றித் துருக்கிக்காரன் வந்து விளக்கவேண்டுமா? முன்வரிசையில் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே நடந்ததைப் பிறகு நெர்மின் சொன்னாள். ஜெமாலுக்கு ஒரு கோப்பை தண்ணீர் கொடுத்து, மனம் அமைதியானதும் உள்ளே வரலாம் என்று சொன்னார்களாம். தான் வெளியேற்றப்பட்டிருப்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கிறது. நாற்காலியில் போய் உட்கார்ந்து, புதுக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாராம். பிறகு கதவுக்குப் பின்னால் சிரிப்பு எழுந்ததும் எழும்பி வந்து கதவில் காதை வைத்திருக்கிறார். “இது மினிபஸ்ஸில ஏறுற இடம்,” என்றாராம். “இது மாநகரசபை.” அந்தப் பெண்மணி, என்ன நடக்கிறது என்று பார்க்கக் கதவைத் திறந்து தலையை நீட்டியவர், அப்படியே நின்று சிரிக்கத் தொடங்கிவிட்டார். அந்த இடைவெளியில் ஜெமால் உள்ளே வந்துவிட்டார்.

கடைசியில் கேள்வி நேரம். பேராசிரியர், கொண்டுவந்த பேச்சை மடித்து வைத்துவிட்டாலும் ஒரு கேள்வியையாவது கேட்காமல் விட மனமில்லாமல், “அந்த அட்டை விண்கலம் எதைக் குறிக்கிறது?” என்றார். நெர்மின் மொழிபெயர்த்தாள். ஜெமால் நன்றாக யோசித்தார்.

“அது எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டை. பெட்டி இப்போது பழுதாகிவிட்டது. அட்டையோடு கொண்டுவந்தால்தான் மாற்றித் தருவோம் என்கிறார்கள். மனைவி என்னோடு பேசுவதில்லை.”

இதற்கு எழுந்த சிரிப்பில், படத்தின்போது எழுந்துபோன நாலைந்து சால்வைகளை யாரும் நினைக்கவில்லை. ஒலிவர் ஒலிவாங்கியை வாங்கினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ரமேஷ் கண்ணை மூடிக்கொண்டான். “இந்தப் படத்தின் நகைச்சுவையில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இருந்தது,” என்றார் ஒலிவர். “சிரிப்பை மெதுவாகத் திறந்துவிடுவதற்காகவே முதல் பகுதியின் வரிகளை இறுக்கமாக அமைத்தோம்.” கைதட்டினார்கள். மனிதர் வெட்கப்படவில்லை. சில பேரை அந்த வரத்தோடுதான் பெற்றிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை ரமேஷ் மன்னிப்புக் கடிதம் எழுதத் தொடங்கியிருந்தபோது ஒலிவரின் நன்றித் தொலைபேசி வந்தது. ரமேஷ் எழுந்து நின்று பேசினான். “ஆமா, ஆமா, அது எங்க டீமோட முடிவுதான்,” என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். பேசி முடித்துவிட்டு என் பக்கம் பார்க்காமல் தேநீர் போடப் போனான். எனக்கும் ஒன்று போட்டுக்கொண்டு வந்தான். அதுதான் அவனுடைய மன்னிப்புக் கடிதம். வாங்கிக் குடித்தேன்.

வட லண்டன்காரர் படத்தை எடுத்தார். நன்றாகவே ஓடியது. சப்டைட்டில் யாருடையது என்ற இடத்தில் எங்கள் நிறுவனத்தின் பெயர் வந்தது. நெர்மினின் பெயர் வரவில்லை. நான் ரமேஷிடம் போய் நின்று சத்தம் போட்டு, அடுத்த பிரதியில் போடவைத்தேன். சிறிய எழுத்தில்தான். நெர்மின் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், விளக்குப் போடும்வரை உட்காரவைத்துக் காட்டினாளாம். பெயரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்காதவர்களின் பெயர் இந்தத் தொழிலில் தானாக வருவதில்லை. வேறொருவர் மேடையில் நின்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் ஒலிவர் என் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு படம் வந்திருக்கிறதாம், கல்யாண வீட்டுக் கதை, நான் பார்த்துச் சொல்லவேண்டுமாம். பார்த்தேன். வயிறு நோகச் சிரித்தேன். அதைச் சொன்னேன்.

“நகைச்சுவைதான், எனக்குத் தெரியும்,” என்றார். இந்த முறை தான் ஏமாறவில்லை என்று காட்டும் குரல். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனாலும் சொல்லுங்கள். அந்த விருந்துக் காட்சி. எல்லாவற்றுக்கும் அடியில் போர் இருக்கிறது, அல்லவா?”

“இல்லை ஒலிவர்,” என்றேன். “அடியில் மாப்பிள்ளையின் சித்தப்பா இருக்கிறார். மேசைக்கு அடியில். குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறார்.”